கலக்காத மருந்து

ஊசி போடத் தெரிந்த ஒரே சைவப்பிள்ளை என்று குத்தாலிங்கம் பிள்ளைக்குக் குற்றாலத்தில் ஒரு பெயர் இருந்தது. பெயரை வைத்தவர் அவரேதான். எப்.ஏ. பரீட்சைக்கு இரண்டு தடவை போய், இரண்டு தடவையும் திரும்பி வந்தவர். அதைக் கேட்பவர்களிடம் ‘எப்.ஏ. வரை’ என்பார். அந்த ‘வரை’யைத் தாண்டி யாரும் கேட்டதில்லை.

பேரருவிக்குப் போகிற சாலையில் அவருக்குச் சொந்தமாக ஒரு சாப்பாட்டுக் கிளப் இருந்தது. ஆனி, ஆடி இரண்டு மாசமும் மதுரை, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து தங்குகிறவர்களுக்கு அங்கேதான் சாப்பாடு. எண்ணெய் தேய்த்து அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு வருகிறவனுக்குக் கல்லைப் போட்டாலும் செரிக்கும். காலையில் ஒரு பந்தி, மத்தியானம் ஒரு பந்தி, விளக்கு வைத்ததும் ஒரு பந்தி. அத்தனைக்கும் சமையல் அவர் பெண்சாதி முத்துவடிவு ஒருத்திதான். பிள்ளையவர்களின் பங்கு, வாசலில் நாற்காலி போட்டு இங்கிலீஷ் பேப்பரை விரித்து, ஜெர்மன்காரன் அடுத்து எந்த ஊரைப் பிடிப்பான் என்று சொல்வது. அவர் சொன்ன ஊர் எதையும் ஜெர்மன்காரன் பிடித்ததாகத் தெரியவில்லை.

முத்துவடிவுக்கு நாற்பத்திரண்டு வயசில் சர்க்கரை வியாதி வந்தது. தென்காசி டாக்டர் தில்லைநாயகம் இன்சுலின் ஊசி எழுதிக்கொடுத்தார். அப்போது கொடுத்த மருந்து தண்ணீர்போலத் தெளிவாக இருக்கும். சாப்பாட்டுக்கு முன்னால் காலையும் மாலையும் கம்பவுண்டர் சைக்கிளில் வந்து போட்டுவிட்டுப் போவார். பதினைந்தே நாளில் முத்துவடிவு எழுந்துகொண்டாள். போன வருஷத்து சீசனில் அவள் ஒருத்தியாக நின்று மூன்று பந்திக்கும் ஆக்கிப்போட்டு, மீந்த நேரத்தில் வடகமும் பிழிந்தாள்.

அந்த சீசன் முடிந்த ஆவணியில் டாக்டர் புது மருந்துக்கு மாற்றினார். இது ஒரு தடவை போட்டால் மறுநாள் விடிகிற வரைக்கும் மெள்ள மெள்ள வேலை செய்யும், ஒரு நாளைக்கு ஒரே ஊசி போதும் என்றார். ஒரே ஊசிதானே, கம்பவுண்டர் எதற்கு, நானே போடுகிறேன் என்று பிள்ளை முன்வந்தார். டாக்டர் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தார். குப்பியைக் கலக்கச் சொன்னாரா, சொன்னபோது இவர் காதில் விழுந்ததா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அடுத்தவர் பேசும்போது தானும் பேசிக்கொண்டிருப்பது குத்தாலிங்கம் பிள்ளையின் சுபாவம்.

சென்னையிலிருந்து ரயிலில் குப்பி வந்தது. ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் அதைப் புதைத்துவைத்தார்கள். மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தால் மேலே தண்ணீர், அடியில் கஞ்சிபோல வெள்ளையாக ஒரு மண்டி. பிள்ளை அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வெகுநேரம் ஆராய்ந்தார். அவர் தகப்பனார் மேலகரத்தில் கஷாயம் காய்ச்சிக் கொடுத்த வைத்தியர். தகப்பனார் கற்ற வைத்தியத்தில் மகனுக்கு வந்து சேர்ந்தது ஒன்றே ஒன்றுதான்: தெளிவை இறுத்துக்கொண்டு மண்டியைக் கொட்டவேண்டும். முந்தின மருந்தும் தெளிவாகத்தானே இருந்தது? ஆகவே ரயில் குலுக்கலில் மருந்து திரிந்திருக்கிறது, நல்லது மேலே நிற்கிறது, கெட்டது கீழே இறங்கிவிட்டது என்று தீர்ப்பாயிற்று.

அன்றிலிருந்து தினமும் காலையில் குளித்து, திருநீறு பூசி, குப்பி ஆடாமல் அசையாமல் இருக்க மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, ஊசிமுனையை மேல்தெளிவில் மட்டும் வைத்து உறிஞ்சுவார். சாமிக்குத் தீபாராதனை காட்டுகிறவருக்குக்கூட அவ்வளவு பக்தி இராது. குப்பியில் மண்டி மட்டும் மிஞ்சியதும் அதை வாழைமூட்டில் கொட்டிவிட்டு அடுத்த குப்பியை எடுப்பார். ஆக, வெள்ளைக்காரன் கண்டுபிடித்து, கப்பலேறி வந்த மருந்தெல்லாம் வாழைக்குப் போயிற்று. முத்துவடிவுக்கு ஏறியது மருந்து கழுவிய தண்ணீர்.

தை பிறப்பதற்குள் பழைய அசதி திரும்பிவிட்டது. தூங்கி எழுந்தால் தூங்கின மாதிரியே இராது. நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டும். செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பாள், குடித்ததெல்லாம் உடனே கழியும். கைகால் இரண்டும் நனைந்த சாக்குபோலக் கனத்தன. வேலையைவிட அந்த அசதியை மறைப்பதுதான் அவளுக்குப் பெரிய வேலையாயிற்று. தேங்காய் துருவுகிற சாக்கில் துருவுபலகையின்மேல் உட்கார்ந்து, துருவி முடிந்த சிரட்டையையும் சும்மா சுரண்டிக்கொண்டிருப்பாள். கிணற்றுக்குப் போனால் துவைகல்லில் ஒரு நிமிஷம் தலையைச் சாய்ப்பாள். எங்கேயெல்லாம் சாய்ந்துகொள்ள ஒரு தூண் இருக்கிறது என்பது அந்த வீட்டைக் கட்டின கொத்தனைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மறைத்து என்ன செய்ய? பிள்ளையின் அக்காள் மங்களேஸ்வரி அந்த வீட்டில்தான் இருந்தாள். புருஷனை இழந்து வந்த நாளிலிருந்து அடுத்தவள் உட்காருவதைக் கண்டுபிடிப்பதே அவளுக்குத் தொழில். சீசன் நெருங்கினால் சிலருக்கு இடுப்பு ஒடிந்துவிடும், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள்.

பிள்ளை முத்துவடிவை டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் அவள் சிறுநீரில் கொஞ்சம் எடுத்து நீல மருந்தோடு குழாயில் ஊற்றிக் காய்ச்சினார். சர்க்கரை இல்லை என்றால் நீலம் நீலமாகவே நிற்கும். முத்துவடிவின் குழாய் செங்கல் நிறத்துக்குப் போயிற்று. இருபது யூனிட்டை முப்பதாக்கினார். அடுத்த மாசமும் செங்கல். நாற்பதாக்கினார். அதற்கடுத்த மாசமும் செங்கல்தான். நாற்பது யூனிட் கழுநீர் என்ன செய்யும்? டாக்டருக்குக் கோபம் வந்தது. முத்துவடிவை ஏறிட்டும் பாராமல் பிள்ளையிடம் சொன்னார்:

“மருந்துல குறை இல்லை. வீட்டுல வாய்க்கட்டு இல்லை. திருடித் திங்கிறாங்க.”

அவ்வளவுதான். அன்றிலிருந்து முத்துவடிவு திருடி. சாமான் அறைக்குப் பூட்டு வந்தது. கருப்பட்டி, வெல்லம், சீனி எல்லாம் உள்ளே போயின. சாவி மங்களேஸ்வரியின் முந்தானை முடிச்சுக்குப் போயிற்று. பாயசம் வைக்கிற நாளில் மங்களேஸ்வரி அடுப்படிக்கே பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து காவல் உட்கார்ந்தாள். தங்க வந்த பேர்களிடம் பிள்ளை வியாதியின் கதையை வேடிக்கையாகச் சொல்வார். நாம் ஊசி போடப் போட அவள் வெல்லம் போடுகிறாள் என்பார், அவர்கள் சிரிப்பார்கள். சமைக்கிறவள் காதுக்கு அது எட்டாது என்று நினைத்தார்களோ என்னவோ.

மங்களேஸ்வரி இதோடு நிற்கவில்லை. பிள்ளையில்லாத வீடு, சீக்காளிப் பெண்டாட்டி, திருட்டு வாய் வேறு. ஆவணி பிறந்ததும் இவளை இலத்தூரில் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடுவது, வடகரையில் ஒரு பெண் இருக்கிறது, அதைப் பார்ப்பது என்று தம்பியிடம் பேசி முடித்தாள். பிள்ளை மாட்டேன் என்று சொல்லவில்லை. இருபத்துநாலு வருஷம் அடுப்பில் வெந்தவளை அனுப்புவதற்கு அவருக்கு ஒரு சீசன் முடியவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

தான் திருடவில்லை என்று முத்துவடிவுக்குத் தெரியும். ஆனாலும் குழாய் பொய் சொல்லுமா? ஒருவேளை தூக்கத்தில் எழுந்துபோய்த் தின்கிறோமோ என்றுகூட ஒருநாள் நினைத்துப் பார்த்தாள். தன்னையே சந்தேகப்பட வைத்துவிட்டார்களே என்ற ஆத்திரம்தான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. ஆத்திரப்படக்கூடத் தெம்பு வேண்டுமே. அதுவும் இல்லை.

ஆனி கடைசி முகூர்த்தத்தில் அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணம் வந்தது. பிள்ளை போயே ஆகவேண்டிய உறவு. இரண்டு காலைக்கு ஊசி போட ஆள் வேண்டும். தென்காசியில் பிரசவம் பார்க்கிற நர்ஸ் ஹாஜரா பீவி அப்போது குற்றாலத்தில் தாயார் வீட்டில் இருந்தாள். நாற்பது யூனிட் என்று எழுதியிருந்த டாக்டர் சீட்டைப் பிள்ளை அவளிடம் கொடுத்தார். மேல்தெளிவு விஷயத்தைச் சொல்லவில்லை. கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த நுணுக்கத்தை ஒரு நர்ஸுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவாரா என்ன?

ஹாஜரா பீவி வந்தாள். பானையிலிருந்து குப்பியை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டினாள். தலைகீழாகக் கவிழ்த்தாள். மறுபடி உருட்டினாள். மருந்து பால்போல ஆயிற்று. உறிஞ்சினாள், போட்டாள், போனாள். அவள் உட்கார்ந்த பலகையை மங்களேஸ்வரி கிணற்றடிக்கு எடுத்துப்போய்க் கழுவினாள். முத்துவடிவு எல்லாவற்றையும் பார்த்தாள். கேட்கத் தெம்பில்லை, ஒவ்வொருவர் கைக்கும் ஒரு பழக்கம் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் சேவல் கூவுவதற்கு முன்னால் அவளுக்கு விழிப்புத் தட்டியது. நாக்கு வறளவில்லை. ராத்திரி ஒரு தடவைகூட எழுந்து வெளியே போகவில்லை. கீழே ஊன்றினால் கால் அவள் சொன்னபடி கேட்டது. பயந்துபோனாள். சந்தோஷம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அன்றைக்கு ஹாஜரா பீவி ஊசி போட்டுவிட்டு எழுந்தபோது, குப்பியை எதற்கு உருட்டுகிறாய், எங்கள் வீட்டுக்காரர் அசைக்காமல் மேல்தெளிவைத்தானே எடுப்பார் என்று முத்துவடிவு கேட்டாள். மண்டியை என்ன செய்வார்கள் என்று ஹாஜரா பீவி திருப்பிக் கேட்டாள். வாழைமூட்டில் கொட்டுவார்கள் என்றாள் இவள். ஹாஜரா பீவி கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“யக்கா, அந்த மண்டிதான் மருந்து. மேல நிக்கது வெறும் தண்ணி. இத்தனை மாசமும் உனக்கு மருந்தே போகல. நேத்தும் இன்னைக்கும்தான் போயிருக்கு. அதுலயும் தெளிவை எடுத்த மிச்சம், கெட்டியா இருந்திருக்கும். எனக்கு இப்ப பயமா இருக்கு. வேர்த்து ஊத்தி, கை நடுங்கிச்சுன்னா யாரையும் கேக்காத. இனிப்பை எடுத்து வாயில போடு.”

அதோடு விடாமல் மங்களேஸ்வரியிடமும் போய், சாமான் அறையைத் திறந்துவையுங்கள் என்று சொன்னாள். சர்க்கரை வியாதிக்குச் சர்க்கரையா, நர்ஸம்மா நல்லாத்தான் வைத்தியம் பார்க்கிறாள் என்று மங்களேஸ்வரி சிரித்தாள். அதற்குள் வல்லத்தில் ஒருத்திக்கு இடுப்புவலி என்று வண்டி வந்துவிட்டது. சாயங்காலம் வந்து டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு ஹாஜரா பீவி ஏறிப் போனாள்.

மத்தியானப் பந்திக்குப் பிள்ளை கல்யாணத்திலிருந்து திரும்பிவிட்டார். இருபது இலை விழுந்திருந்தது. பருப்புப் பாயசம், வாளியோடு கூடத்துக்குப் போயாயிற்று. வெளியே சாரல் சிலுசிலுவென்று அடிக்க, அடுப்படியில் முத்துவடிவுக்கு ரவிக்கை நனைந்து வேர்வை வழிந்தது. கரண்டி கையில் நிற்கவில்லை. எதிரே இருந்த சுவர் கிட்டே வந்தது, தள்ளிப்போயிற்று. காலையில் தின்ற இரண்டு இட்டிலி எந்த மூலைக்கு? பந்தி எழுந்த பிறகுதான் அவள் சாப்பிடுவது வழக்கம், அதுவரை தாங்காது என்று அவளுக்கே தெரிந்தது. பலகையில் காவலிருந்த மங்களேஸ்வரியிடம் போனாள்.

“மதினி, ஒரு துண்டு கருப்பட்டி தாங்க. உசுரு போகுது.”

“வந்துட்டா பாரு வழிக்கு,” என்றாள் மங்களேஸ்வரி. “இத்தன நாளும் திருடினவ இன்னைக்குக் கேட்டு வாங்குதா.”

முத்துவடிவு அவளோடு பேசி நேரத்தை வீணாக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு பந்தி நடக்கிற கூடத்துக்குப் போனாள். ஆண்கள் உட்கார்ந்திருக்கிற பந்தியில் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. பிள்ளை பாயச வாளியோடு குனிந்து நின்றார். வாளியை அவர் கையிலிருந்து பிடுங்கி, நின்ற நிலையிலேயே வாயில் கவிழ்த்துக் குடித்தாள். சூட்டில் வாய் வெந்துபோயிற்று. மோவாயில் வழிந்து சேலையெல்லாம் ஆயிற்று. இருபது கையும் இலையில் அப்படியே நின்றன.

கதவோரத்தில் மங்களேஸ்வரி, எல்லாரும் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள், நாங்கள் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை என்றாள். பிள்ளைக்கோ முகமெல்லாம் மலர்ச்சி. பெண்டாட்டி செத்துக்கொண்டிருக்கிறாள், மனுஷனுக்குச் சாட்சி கிடைத்த சந்தோஷம். மதுரை வக்கீல் ஒருவர் பக்கம் திரும்பி இங்கிலீஷில் என்னவோ சொல்லிச் சிரித்தார். முத்துவடிவு சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தாள். கால் மணி கழித்து நடுக்கம் நின்று, சுவர் சுவராகவும் மனுஷர் மனுஷராகவும் தெரிந்தார்கள். முதலில் திரும்பி வந்தது கோபம். எத்தனையோ மாசமாகக் கோபப்படத் தெம்பில்லாமல் இருந்தவளுக்கு அது வந்தது நல்லதாகவே பட்டது.

சாயங்காலம் ஹாஜரா பீவி வந்தாள். இருவரும் ஜட்கா பிடித்துத் தென்காசிக்குப் போனார்கள். டாக்டர் நாலு கேள்வி கேட்டால் புத்தி வரும் என்று பிள்ளையும் தடுக்கவில்லை. டாக்டர் தில்லைநாயகம் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு மேஜையிலிருந்த பேனாவை மூடித் திறந்தார். இத்தனை மாசமும் அவள் வாயையே சந்தேகப்பட்டவர், ஊசியை எப்படி எடுக்கிறீர்கள் என்று ஒருநாளும் கேட்கவில்லை. அது அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. நாளைக்கு ஊசி வேண்டாம், மறுநாளிலிருந்து இருபது போதும், எடுப்பதை இந்த நர்ஸிடமே கற்றுக்கொள்ளுங்கள், போனது போகட்டும் என்றார். முத்துவடிவு எழுந்திருக்கவில்லை.

“என்னைத் திருடின்னு முதல்ல சொன்னது நீங்கதான். அது இல்லைன்னு எழுதித் தாங்க.”

டாக்டர் ஹாஜரா பீவியைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல், மருந்தைக் கலக்காமல் எடுத்ததையும் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதியது இங்கிலீஷில். தப்பை ஒப்புக்கொள்ளத் தமிழ் அவருக்குத் தோதுப்படவில்லை போலிருக்கிறது.

மறுநாள் காலையில் அருவியிலிருந்து இருபது பேரும் தலையில் ஈரத் துண்டும் வயிற்றில் நெருப்புமாக வந்து சேர்ந்தார்கள். கிளப்பில் புகையைக் காணோம். முத்துவடிவு அடுப்புக்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மங்களேஸ்வரி தானே சமைத்துவிடுவதாக வீறாப்பாக விறகை அடுக்கினாள். ஈர விறகு புகைந்து அவள் கண்ணைத்தான் கரித்தது. காவலிருப்பது சுலபம், இருபது பேருக்கு உலை வைப்பது அப்படியல்ல.

பிள்ளை வந்தார். முதலில் அதட்டினார். பிறகு மானம் போகிறது என்றார். பிறகு உடம்பு முடியவில்லையா என்று கேட்டார்.

“உடம்பு நல்லா இருக்கு,” என்றாள் முத்துவடிவு. மடியிலிருந்த காகிதத்தை நீட்டினாள். “நேத்துப் பந்தியில இருந்தவுக எல்லாரும் வந்திருக்காக. உங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே. இதை அவுக முன்னால தமிழ்ல சொல்லுங்க. அப்புறம் உலை வைக்கேன்.”

பிள்ளை வாங்கி வாசித்தார். வாசிக்க வாசிக்க நெற்றியில் திருநீறு நனைந்தது. கஷாயம் என்றால் தெளிவைத்தானே எடுப்போம் என்று முனகினார். இது நம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டுமே என்று குரலைத் தாழ்த்திக் கெஞ்சினார்.

“திருடின்னு வெளியதான சொன்னீக.”

வெளியே யாரோ இலை போடலையா என்று கேட்டார்கள். பிள்ளை போனார். முத்துவடிவும் எழுந்து கதவருகே வந்து நின்றாள். மருந்தில் ஒரு சின்னக் கோளாறு நேர்ந்துவிட்டது, சென்னையிலிருந்து வரும்போது, ரயிலில் என்று தொடங்கினார். முத்துவடிவு, மதுரை வக்கீலுக்கும் இங்கிலீஷ் தெரியும், காகிதத்தை அவரிடம் கொடுத்துவிடுங்கள் என்றாள். வக்கீல் கையை நீட்டவும் செய்தார். பிள்ளை காகிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“மருந்தைக் கலக்காம எடுத்தது என் தப்பு,” என்றார், தரையைப் பார்த்து. “இவ எதையும் திருடித் திங்கல.”

இருபது பேரும் ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். சிரித்தவர்களும் அதில்தானே இருந்தார்கள். முத்துவடிவு அடுப்படிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“மதினிக்குக் கேட்டிருக்காது. இன்னொரு தடவை சொல்லுங்க.”

பிள்ளை இன்னொரு தடவை சொன்னார். இந்தத் தடவை அடுப்படி வரைக்கும் கேட்டது. முத்துவடிவு உள்ளே போய், மங்களேஸ்வரியை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, விறகைப் பிரித்து அடுக்கி நெருப்பு வைத்தாள்.